சத்துருக்கொண்டான் நினைவுத்தூபிக்குச் செல்வோருக்கு

1990 செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய நான்கு கிராமங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட, கைக்குழந்தைகள் உள்ளிட்ட பொதுமக்களை நினைவுகூரும் தூபி மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, சத்துருக்கொண்டானில் உள்ளது. அமைதியாக வணங்க விரும்புவோர், வெயில் ஏறுவதற்கு முன்பான காலை வேளையில் செல்வதே நல்லது.

மண்சட்டி விளக்கு, தேங்காய் எண்ணெய், திரி, தீப்பெட்டி, நூலில் கட்டிய பூ ஆகியவை போதும். பொலித்தீன் சுற்றிய மலர்வளையம் சில நாட்களில் குப்பையாகிவிடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். செப்டெம்பரில் நிலம் காய்ந்து கிடக்கும். ஒரு போத்தல் தண்ணீரைக் கூடுதலாகக் கொண்டு சென்று, அருகில் வாடி நிற்கும் மரக்கன்றுக்கு ஊற்றிவிட்டு வாருங்கள். விளக்கேற்றுவதைப் போன்றதே அதுவும் என்று நான் கருதுகிறேன்.

ஆண்டு நினைவு நாளில் சென்றால், உறவுகளை இழந்தவர்கள் முதலில் விளக்கேற்றும் வரை ஒதுங்கி நில்லுங்கள். அழுகின்ற தாய்மாரின் முகங்களைக் கைபேசியில் படம் எடுக்க வேண்டாம். யாரேனும் தாமாகப் பேச முன்வந்தால், இடைமறிக்காமல் கேளுங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள், என்ன நடந்தது என்பதை அவர்களின் வயதுக்கேற்ப வீட்டிலேயே சொல்லிவிடுவது அவசியம்.

அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி தொழுகையின்போது மக்கள் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசல்களுக்கும் செல்ல எண்ணுவோர், அவை இன்றும் வழிபாட்டிடங்கள் என்பதால், தொழுகை நேரம் தவிர்த்து, பொறுப்பானவர்களிடம் அனுமதி கேட்டுச் செல்லுங்கள்.