கதிர்வீச்சு சிகிச்சைப் பட்டப்படிப்பு: சேர்க்கைக்குத் தயாராகும்போது செய்யக்கூடாத தவறுகள்

நல்ல மதிப்பெண் இருந்தும் இந்தப் படிப்பில் இடம் கிடைக்காமல் போகிறவர்கள் பலர். மாணவர் ஒவ்வொருவருக்கும் மருத்துவமனையில் ஒரு சிகிச்சை இயந்திரத்தின் அருகே பயிற்சி இடம் வேண்டும். இயந்திரங்கள் குறைவு என்பதால் இடங்களும் குறைவு. பாதியில் விட்டுப் போகிற ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் தேர்வுக் குழுவின் பெரிய கவலை. ஆகவே "இவருக்கு இந்த வேலை என்னவென்று தெரியுமா?" என்ற கேள்வியோடுதான் அவர்கள் விண்ணப்பத்தைப் படிக்கிறார்கள். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அதற்குப் பதில் சொல்ல முடியாததால் வருபவை.

வேலையின் பெயரிலேயே வரும் குழப்பம்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் துறையில் நான்கு வகையினர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு டோஸ் (கதிரின் அளவு) என்று முடிவெடுப்பவர் புற்றுநோய் மருத்துவர். இயந்திரம் சரியான அளவில் கதிர் தருகிறதா என்று அளந்து உறுதி செய்பவர் மருத்துவ இயற்பியலாளர். கதிர் எந்தக் கோணங்களில் எப்படிப் பாய வேண்டும் என்று கணினியில் திட்டம் வரைபவர் டோசிமெட்ரிஸ்ட். ஒவ்வொரு நாளும் நோயாளியை மேசையில் படுக்க வைத்து, மில்லிமீட்டர் கணக்கில் நிலையைச் சரிசெய்து, படம் எடுத்துச் சரிபார்த்து, கதிரைச் செலுத்துபவர் தெரபிஸ்ட். இந்தப் பட்டம் அந்த நான்காவது ஆளுக்கானது. "மருத்துவர் ஆகும் வழியில் ஒரு படி" என்றோ, "ஸ்கேன் எடுக்கும் படிப்பு" என்றோ நினைத்து வருபவர் நேர்முகத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுவார்.

பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுவதும் சிக்கலைக் கூட்டுகிறது. பிரிட்டனில் தெரப்யூட்டிக் ரேடியோகிராஃபர், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ரேடியேஷன் தெரபிஸ்ட், இந்தியாவில் பெரும்பாலும் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட். ஒரே பெயரில் தேடினால் நல்ல கல்லூரிகள் கண்ணில் படாமல் போகும். "மெடிக்கல் இமேஜிங்" என்ற பெயரைப் பார்த்து விண்ணப்பித்துவிட்டு, அது எக்ஸ்ரே, சிடி எடுக்கும் படிப்பு என்று பிறகு தெரிந்துகொள்பவர்களும் உண்டு. பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். சிகிச்சைத் திட்டமிடல், புற்றுநோயியல், கதிரியக்க உயிரியல், லீனியர் ஆக்சலரேட்டர் (கதிரைச் செலுத்தும் இயந்திரம்) பயிற்சி ஆகியவை இல்லையென்றால் அது வேறு படிப்பு.

பட்டம் பெற்றாலும் பதிவு இல்லாமல் வேலை செய்ய முடியாத நாடுகள் பல. எந்த நாட்டில் வேலை செய்ய நினைக்கிறீர்களோ அந்த நாட்டின் பதிவு அமைப்பு இந்தக் கல்லூரியின் பட்டத்தை ஏற்கிறதா என்று அந்த அமைப்பிடமே கேளுங்கள். கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் நம்பிச் சேர்ந்து, மூன்று ஆண்டு கழித்து இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் இவற்றிலேயே மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு.

துறைக்குள் போய்ப் பார்க்காமல் விண்ணப்பிப்பது

ஒரு நாளாவது சிகிச்சைத் துறையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடான தயாரிப்பு இல்லை. பல கல்லூரிகள் இதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. கேட்காவிட்டாலும் போங்கள். அனுமதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் விண்ணப்பக் கடைசி நாளுக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

போய்விட்டு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அடுத்த தவறு. மாஸ்க் செய்வதைப் பாருங்கள். தலை, கழுத்துப் பகுதியில் சிகிச்சை பெறுகிறவருக்கு ஒரு தெர்மோபிளாஸ்டிக் தகட்டைச் சுமார் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் போட்டு இளக்குவார்கள். துணிபோல ஆனதும் நீரை ஒற்றி எடுத்து, சூட்டைக் கையில் பார்த்துவிட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து முகத்தின் மேல் இழுத்து மேசையோடு பூட்டுவார்கள். சில நிமிடங்களில் அது இறுகிவிடும். அந்த நிமிடங்களில் நோயாளியின் கைவிரல்கள் மேசை விளிம்பை எப்படிப் பற்றுகின்றன, தெரபிஸ்ட் என்ன சொல்கிறார், எந்தக் குரலில் சொல்கிறார், எப்போது கையைப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். அதே மாஸ்க்கை அவர் ஏழு வாரமும் தினமும் அணிய வேண்டும். இடையில் உடல் மெலிந்து மாஸ்க் தளர்ந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவரும் தெரபிஸ்ட்தான்.

சிகிச்சை அறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சிடி சிமுலேஷன் (சிகிச்சையைத் திட்டமிட எடுக்கும் ஸ்கேன்), திட்டமிடும் அறை, ஒருவரின் முதல் நாள் சிகிச்சை, இன்னொருவரின் பாதிவழிச் சிகிச்சை என நான்கையும் கேட்டுப் பாருங்கள். அனுமதித்தால் குறிப்பு எடுங்கள். நோயாளியின் பெயர், வயது, ஊர் எதையும் எழுத வேண்டாம். அந்த விவரங்களை விண்ணப்பக் கட்டுரையில் போட்டால், ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற முத்திரை விழுந்துவிடும்.

இயற்பியலைப் பின்னுக்குத் தள்ளுவது

"மக்களோடு பழகும் வேலைதானே" என்று எண்ணி இயற்பியலையும் கணிதத்தையும் தொடாமல் வருபவர்கள் முதல் பருவத்திலேயே திணறுகிறார்கள். கல்லூரி எதிர்பார்ப்பது பெரிய கணிதம் அல்ல. ஆனால் இவை கை வந்திருக்க வேண்டும்.

டோஸின் அலகு கிரே. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் 1 கிரே. ஒரு நோயாளிக்கு மொத்தம் 70 கிரே, ஒரு தவணைக்கு 2 கிரே என்றால் 35 தவணை. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஏழு வாரம். இவ்வளவு எளிய கணக்குத்தான், ஆனால் நேர்முகத்தில் வாய்க்கணக்காகக் கேட்டால் தடுமாறுகிறார்கள். எதிர் இருமடி விதியையும் (தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் கதிரின் செறிவு குறையும்) சொல்லால் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளாதீர்கள். புள்ளி மூலத்திலிருந்து 100 சென்டிமீட்டரில் இருந்த ஒன்றை 110 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் செறிவு ஏறத்தாழ 17 சதவீதம் குறையும். பத்து சென்டிமீட்டர் இவ்வளவு செய்கிறது என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு, மேசையின் உயரம் ஏன் அவ்வளவு கவனமாகப் பார்க்கப்படுகிறது என்பது தானே புரியும். அரைவாழ்வும் (கதிரியக்கப் பொருளின் வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) அப்படித்தான். சிகிச்சையில் பயன்படும் கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60-க்கு 5.27 ஆண்டு, அதனால் அதன் வீரியம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். இரிடியம்-192-க்கு சுமார் 74 நாள், அதனால் ஒரு நாளுக்கே ஏறக்குறைய அந்த அளவு குறையும்.

உடற்கூறியலில் எல்லோரும் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். அதைவிடப் பயனுள்ளது குறுக்குவெட்டுப் படம் பார்க்கப் பழகுவது. சிடி படம் மல்லாந்து படுத்திருப்பவரைக் கால்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் காட்டப்படும். அதனால் நோயாளியின் வலப்பக்கத்தில் இருக்கும் கல்லீரல், படத்தில் உங்கள் இடக்கைப் பக்கம் தெரியும். இடம் வலம் மாறுவது இந்தத் துறையில் அச்சுப்பிழை போன்றதல்ல, ஆரோக்கியமான பக்கத்துக்குக் கதிர் போய்விடும். தினம் பத்துப் படம் என்று ஒரு மாதம் பார்த்தாலே கண் பழகிவிடும்.

கதிர்வீச்சைப் பற்றித் தப்பான பதில்

"கதிர்வீச்சுக்குப் பக்கத்தில் வேலை செய்யப் பயமில்லையா?" என்று கேட்பார்கள். "பயமே இல்லை" என்பதும், "கொஞ்சம் ஆபத்துதான், சேவைக்காக ஏற்றுக்கொள்கிறேன்" என்பதும் இரண்டுமே மோசமான பதில்கள். எக்ஸ்ரே கதிர் தரும் லீனியர் ஆக்சலரேட்டர் மின்சாரத்தால் இயங்குவது, கதிரை நிறுத்தினால் எக்ஸ்ரேயும் நின்றுவிடும். வெளியிலிருந்து அந்தக் கதிர் பெற்ற நோயாளி கதிரியக்கம் உடையவராக மாறுவதில்லை, வீட்டில் குழந்தையைத் தூக்கலாம். உடலுக்குள் கதிரியக்கப் பொருள் வைக்கும் சிகிச்சைகளுக்கு விதிகள் வேறு. கதிர் ஓடும்போது ஊழியர் எல்லோரும் கெட்டியான கான்கிரீட் சுவருக்கு வெளியே இருப்பார்கள், கேமராவிலும் இண்டர்காமிலும் நோயாளியைக் கவனிப்பார்கள். ஊழியருக்கு சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலுக்குக் கதிரால் வரும் பாதிப்பைக் கணக்கிடும் அலகு). எந்த ஓராண்டிலும் 50-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பமாக இருப்பதைத் தெரிவித்த பிறகு, கருவுக்கான கூடுதல் டோஸ் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை அமைக்க வேண்டும். இதைத் தெரிந்து நிதானமாகச் சொல்பவர்தான் நாளை பயந்து வரும் நோயாளிக்கும் விளக்குவார்.

கட்டுரை

"என் பாட்டிக்குப் புற்றுநோய் வந்தது, அதனால்தான்" என்று தொடங்கும் கட்டுரைகள் குவிகின்றன. அந்த வேதனை உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. இரண்டு வரி போதும். மீதி இடத்தில் துறையில் நீங்கள் பார்த்த ஒரு காட்சியையும், அதிலிருந்து புரிந்த ஒன்றையும், பிறரோடு பொறுமையாக வேலை செய்ததற்கான ஒரு சான்றையும் எழுதுங்கள். முதியோர் இல்லத்தில் தன்னார்வ வேலை, கடையில் வாடிக்கையாளரைக் கவனித்தது, நோயுற்ற உறவினரைத் தூக்கி உட்கார வைத்தது எதுவும் கணக்கில் சேரும். "தொழில்நுட்பம் பிடிக்கும்" என்ற வரியை நீக்குங்கள். எந்தப் பொறியியல் விண்ணப்பத்திலும் அது இருக்கும்.

நேர்முகம்

சூழ்நிலைக் கேள்விகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். 30 தவணையில் 12 முடிந்த நோயாளி "நாளையிலிருந்து வர மாட்டேன்" என்கிறார், என்ன செய்வீர்கள்? "கட்டாயம் வரணும்னு எடுத்துச் சொல்வேன்" என்பது முதலில் வரும் பதில். முதலில் ஏன் என்று கேட்க வேண்டும். தொண்டை வலியா, போக்குவரத்தா, மனச்சோர்வா? காரணம் தெரிந்தால் தீர்க்கும் ஆள் யார் என்பதும் தெரியும். இடைவெளி விழுந்தால் புற்றுச் செல்கள் மீண்டும் பெருக நேரம் கிடைக்கும் என்பதை விளக்கலாம், ஆனால் மறுக்கும் உரிமை அவருடையது. உடனே மருத்துவருக்கும் செவிலியருக்கும் தெரிவிப்பேன் என்பதும் பதிலில் இருக்க வேண்டும், தனியாகத் தீர்க்கப் பார்ப்பது தவறு.

"ஏதோ சரியில்லை என்று தோன்றினால்?" என்ற கேள்விக்கு "நிறுத்துவேன்" என்பதே முதல் சொல். இதன் பின்னணி தெரிந்திருப்பது நல்லது. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற சிகிச்சை இயந்திரத்தில் குறைந்தது ஆறு பேருக்கு மிகப்பெரிய அதிக டோஸ் பாய்ந்தது, சிலர் இறந்தனர். 1986-ல் நடந்த ஒன்றில் திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று மட்டும் வந்தது. அதன் அர்த்தம் யாருக்கும் விளங்காத நிலையில், வழக்கப்படி தொடரும் பொத்தான் அழுத்தப்பட்டது. அன்று அறையின் கேமராவும் இண்டர்காமும் வேலை செய்யவில்லை. துறையில் இன்றிருக்கும் சரிபார்ப்புப் பழக்கங்கள் ஏன் இவ்வளவு கறாரானவை என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.

இன்னொரு சின்ன விஷயம். நோயாளியை உறுதி செய்யும்போது "நீங்கதானே அவர்?" என்று கேட்கக் கூடாது. களைத்திருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?" என்று அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

தாமதமாகும் தாள்கள்

மதிப்பெண் சான்று, பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றுக்கும் ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் தருபவரிடம் விண்ணப்பக் கட்டுரையின் நகலையும் கொடுங்கள். அறிவியல் பாடங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று சில கல்லூரிகள் நிபந்தனை வைக்கும், முன்பே பாருங்கள்.

கடைசி நேரத்தில் பலரைத் தடுப்பது தடுப்பூசிதான். மருத்துவமனைப் பயிற்சிக்குப் பொதுவாக ஹெபடைடிஸ் பி பாதுகாப்பு கேட்பார்கள். வழக்கமான மூன்று ஊசிகள் முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்ற இடைவெளியில் போடப்படும். ஊசியால் இரத்தத்தில் உருவான எதிர்ப்பொருள் (நோயை எதிர்க்கும் புரதம்) அளவை கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பரிசோதிப்பார்கள். ஆக எட்டு மாதம். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு தொடங்கினால் பயிற்சி தொடங்கும் நாளில் இரண்டாவது ஊசிதான் முடிந்திருக்கும். குழந்தைப் பருவத்தில் போட்ட பதிவு இருக்கிறதா என்று இந்த வாரமே தேடுங்கள். இல்லையென்றால் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு விண்ணப்பப் படிவத்தைத் திறங்கள்.