வியட்நாம் போருக்கான ஆதரவு கரைந்ததைக் கிராஃப் தாளில் வரைந்து படிக்கும் முறை

முதுகலை வரலாறு படிக்க வருகிறவர்களிடம், அமெரிக்க மக்கள் வியட்நாம் போரை ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், தொலைக்காட்சி ரத்தத்தைக் காட்டியது, மக்கள் மனம் மாறினார்கள் என்பார்கள். இந்தப் பதிலுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதில்லை. நடந்தது இதைவிட மெதுவானது, சிக்கலானது. அதைக் கண்ணால் பார்க்க வைப்பதற்காகத்தான் வகுப்பில் இந்தப் பயிற்சியைக் கொடுக்கிறேன். வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிராஃப் தாளும் மூன்று நிறப் பேனாவும் போதும்.

தாளைப் படுக்கைவசமாக வையுங்கள். கீழ்க்கோட்டில் 1964 முதல் 1973 வரை ஆண்டுகளைக் குறியுங்கள். 1964-க்கு மேலே முதலில் இதை எழுதுங்கள்: ஆகஸ்ட் 7, டோங்கின் வளைகுடாத் தீர்மானம் (வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு நாடாளுமன்றம் அளித்த அனுமதி), பிரதிநிதிகள் சபையில் 416-0, செனட்டில் 88-2. எதிர்த்து வாக்களித்தவர்கள் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் இருவர் மட்டுமே. எவ்வளவு உயரத்திலிருந்து இறக்கம் தொடங்கியது என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

இப்போது நீலப் பேனாவால் மக்கள் கருத்து. இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரே கேள்வியைத்தான் கடைசிவரை பின்தொடர வேண்டும். "அதிபரின் செயல்பாடு எப்படி?" என்பது ஒரு கேள்வி, "படைகளைத் திரும்ப அழைக்கலாமா?" என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்தால் கோடு பொய் சொல்லும். கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 1965 ஆகஸ்ட் முதல் 1971 வரை திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று நினைக்கிறீர்களா? "தவறு" என்றவர்கள் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம். 1967 அக்டோபரில் 47. அந்த மாதம்தான் "தவறில்லை" என்றவர்களை (44) அவர்கள் முதன்முறையாக முந்தினார்கள். 1968 ஆகஸ்டில் 53. 1971 மே மாதம் 61. புள்ளிகளை இணையுங்கள். எந்த ஒரு நாளிலும் செங்குத்தாக எழாத, ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரு ஏற்றம் தெரியும். "தவறு" ஏற ஏற, போருக்கான ஆதரவு சரிகிறது.

கறுப்புப் பேனாவால் இறந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை. 1965-ல் 1,928. 1966-ல் 6,350. 1967-ல் 11,363. 1968-ல் 16,899. ஆண்டுவாரியாக வரையாதீர்கள், கூட்டிக்கொண்டே போங்கள். 1967 முடிவில் மொத்தம் 20,000-ஐ எட்டியிருக்கும். அரசியல் அறிஞர் ஜான் முல்லர் கொரியப் போரையும் வியட்நாம் போரையும் ஒப்பிட்டுக் கண்டது இந்த இடத்தில் உதவும். இறந்தவர்கள், காயமடைந்தவர்கள் மொத்த எண்ணிக்கை பத்து மடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஆதரவு ஏறத்தாழ 15 புள்ளிகள் குறைந்தது. நூறு ஆயிரமாகும்போது விழும் அடியும், ஆயிரம் பத்தாயிரமாகும்போது விழும் அடியும் ஒன்றே. இதன் பொருள் கொடுமையானது. முதலில் வந்த சவப்பெட்டிகள் நாட்டை உலுக்கின. பின்னால் வந்தவை அதைவிடப் பல மடங்கு அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் உலுக்கியது குறைவு. போரை உறுதியாக ஆதரித்தவர்களே கடைசியில் எஞ்சினார்கள், அவர்களை அசைப்பது கடினம். கறுப்புக் கோட்டையும் நீலக் கோட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

சிவப்புப் பேனா வாக்குறுதிகளுக்கு. 1967 நவம்பர் 21 அன்று வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தளபதியான வெஸ்ட்மோர்லேண்ட் வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன் நின்று, போரின் முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்ற பொருளில் பேசினார். அங்கே ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். 1968 ஜனவரி இறுதியில், டெட் என்னும் வியட்நாமியப் புத்தாண்டின்போது, எதிர்த்தரப்பு நடத்திய டெட் தாக்குதல், தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே சண்டை. அங்கே இன்னொன்று. பிப்ரவரி 27 அன்று செய்தியாளர் வால்டர் கிராங்கைட், போர் முட்டுச்சந்தில் நிற்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார். மார்ச் 31 அன்று அதிபர் ஜான்சன், மறுபடி போட்டியிட மாட்டேன் என்று அறிவித்தார்.

இங்கே சற்று நிறுத்தி நீலக் கோட்டைப் பாருங்கள். டெட் தாக்குதலுக்கு மூன்று மாதம் முன்பே அது பாதியைத் தொடும் நிலைக்கு வந்துவிட்டது. கிராங்கைட் மக்கள் மனத்தை மாற்றினார் என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு புள்ளியைக் கவனித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. உங்களைப் பருந்து (போரைத் தீவிரமாக்கச் சொல்பவர்) என்பீர்களா, புறா (போரைத் தணிக்கச் சொல்பவர்) என்பீர்களா என்று கேலப் கேட்டுவந்தது. டெட் நடந்த உடனே, பிப்ரவரி தொடக்கத்தில், பருந்துகள் 60 சதவீதத்தை ஒட்டி ஏறினார்கள். அடிபட்டதும் திருப்பி அடி என்பதே முதல் உணர்ச்சி. மார்ச் இறுதிக்குள் அது 40-ஐ ஒட்டி இறங்கியது. போர்க்களத்தில் தாக்குதல் நடத்திய வட வியட்நாம் தரப்புக்குத்தான் அப்போது பேரிழப்பு. ஆனாலும் முடிவு நெருங்கிவிட்டது என்று கேட்டுப் பழகிய மக்களுக்கு, எதிரியால் இன்னும் இவ்வளவு முடிகிறது என்பதே செய்தி.

வரிகளையும் கட்டாய ராணுவச் சேவையையும் ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும். 1968 ஜூனில் 10 சதவீதக் கூடுதல் வரி சட்டமானது, 1969 டிசம்பர் 1 அன்று யாரைப் படைக்கு அழைப்பது என்பதற்குப் பிறந்தநாள் குலுக்கல் நடந்தது.

அடுத்த வேலைதான் முக்கியம்: "தவறு" என்ற எண்ணைப் பிரித்துப் பார்ப்பது. சொன்னவர்கள் யார்? இளைஞர்களைவிட முதியவர்களே போரை அதிகம் எதிர்த்தார்கள். கல்லூரி முடித்தவர்களைவிடப் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள், ஆண்களைவிடப் பெண்கள், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் அதிகம் எதிர்த்தார்கள். வளாகத்துப் போராட்டப் படங்களை மட்டும் பார்த்து வளர்ந்த என் மாணவர்கள் இதை நம்பவே மாட்டார்கள், எண்களைக் காட்ட வேண்டியிருக்கும்.

"தவறு" என்றால் "வெளியேறு" என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஜான்சனின் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடத்திய முன்தேர்தலில், 1968 மார்ச் 12 அன்று, போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி 42 சதவீத வாக்கு வாங்கினார். அவருக்கு வாக்களித்தவர்களில் ஜான்சன் போதுமான கடுமை காட்டவில்லை என்று கோபப்பட்டவர்களே அதிகம் என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது. ஜெயி, இல்லையென்றால் திரும்பி வா என்பதே பலரின் மனநிலை.

போராட்டக்காரர்களை மக்கள் நேசித்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். 1970 மே 4 அன்று கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் எடுத்த கணிப்பில் 58 சதவீதத்தினர் மாணவர்களையே குற்றம் சொன்னார்கள், காவல்படையைக் குற்றம் சொன்னவர்கள் 11 சதவீதம். எனக்கு இன்றும் படிக்கக் கஷ்டமாக இருக்கும் எண் இது. போர் வேண்டாம் என்று நினைத்தவரும் அந்த மாணவரை வெறுத்திருக்க முடியும்.

கடைசி வேலை. 1968 ஆகஸ்டுக்குப் பிறகு "தவறு" என்றவர்கள் பாதிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆனால் போரை நிறுத்தும் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது 1973 ஜனவரி 27 அன்றுதான். ஜான்சனுக்குப் பின் அதிபரான நிக்சன் படைகளைப் படிப்படியாகத் திரும்ப அழைத்தார், 1972 அதிபர் தேர்தலில் 49 மாநிலங்களை வென்றார். 1968 ஆகஸ்ட் முதல் 1973 ஜனவரி வரையுள்ள பகுதியைப் பென்சிலால் நிழலிடுங்கள். அதற்குள் 1969 முதல் 1972 வரை இறந்த அமெரிக்கர்களைக் கூட்டி எழுதுங்கள்: 11,780, 6,173, 2,414, 759. இருபத்தோராயிரத்தைத் தாண்டும். பிறகு தாளின் மறுபக்கத்தில் வியட்நாமியர் இறப்பை எழுதுங்கள். குறைந்த மதிப்பீடே பத்து லட்சத்தை ஒட்டி வரும். நாம் வரைந்த எந்தக் கோட்டிலும் அவர்கள் இல்லை. பயிற்சித் தாளை இரு பக்கமும் எழுதித்தான் என்னிடம் கொடுக்க வேண்டும்.