முற்பணத்துக்கு முதல் ஏலத் தாள்

ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காருக்கு முற்பணம் கொடுக்க முதல், சேசி இலக்கத்தைக் கொண்டு அதன் ஏலத் தாளை (ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையைப் பரிசோதித்து எழுதிய தாள்) எடுத்துப் பாருங்கள். தரம் ‘ஆர்’ என்றால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய வண்டி; ‘எக்ஸ்எக்ஸ்’ என்ற குறி மாற்றிய பாகம், ‘எஸ்’ என்ற குறி துரு. கல்முனை, காத்தான்குடிக் கடற்காற்றில் அந்தத் துரு வேகமாகப் பரவும், அடிப்பாகத்தைக் கட்டாயம் தூக்கிப் பாருங்கள்.

காப்புறுதியை இன்றைய சந்தை விலைக்கே போடுங்கள். கட்டணம் குறையட்டும் என்று 80 இலட்சக் காரை 60 என்று பதிந்தால், இழப்பீடும் அதே விகிதத்தில் வெட்டுப்படலாம்: 4 இலட்சத் திருத்தவேலைக்கு 3 இலட்சம்தான். மாற்றிய டர்போ, ரிம் எல்லாவற்றையும் எழுத்தில் அறிவியுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுப்பவருக்கு இந்த விலைக் கணக்கு இல்லை. இலங்கைக்கு வந்தபின் பட்ட அடியை ஏலத் தாள் காட்டாது. அதைப் பார்த்துச் சொல்ல நல்ல பாஸ் (வாகனம் திருத்துபவர்) ஒருவர்தான் வேண்டும்.