வைட்டமின்: வேர்ச்சொல் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைட்டமின் என்ற சொல்லுக்கு வேர் தேடுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அதன் பின்பாதியில்தான். 'வைட்டா' என்றால் லத்தீனில் உயிர், அதுவரை சரி. மிச்சமிருக்கும் 'மின்' மினரலின் சுருக்கமாக இருக்கும் என்று ஊகித்துவிட வேண்டாம். அது அமீன் என்ற வேதிப்பொருள் வகையின் பெயர். போலந்தில் பிறந்த காசிமிர் ஃபங்க், லண்டன் லிஸ்டர் ஆய்வுக்கழகத்தில் அரிசித் தவிட்டிலிருந்து பெரிபெரி நோயைத் தடுக்கும் பொருளைப் பிரிக்க முயன்றார். அது நைட்ரஜன் உள்ள அமீன் வகை என்று எண்ணி, 1912இல் 'வைட்டமீன்' என்று பெயர் சூட்டினார். ஆகவே, லத்தீன் வேரைக் கண்டதும் பழஞ்சொல் என்று நினைப்பதும் பிழை. ரோமானியர் யாரும் இதைக் கேட்டிருக்க முடியாது.

'லத்தீன் சொல்' என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியல்ல. அமீன், அம்மோனியாவிலிருந்து வந்த பெயர். அம்மோனியாவின் பெயரோ எகிப்தியக் கடவுள் அமுன் வரை போகிறது. கிரேக்கர் அவரை அம்மோன் என்றனர். அவருடைய பாலைவனக் கோயிலை அடுத்துக் கிடைத்த உப்புக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது, அந்த உப்பின் வழியாக அம்மோனியாவுக்கும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, வேர்ப்பொருளையே அறிவியல் வரையறையாக எடுத்துக்கொள்வது. வைட்டமின் சி-யில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. நைட்ரஜனே இல்லாதபோது அமீனுக்கு ஏது இடம்? ஏ, டி, ஈ ஆகியவற்றின் கதையும் அதுவே. இதனால்தான் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் ஜாக் டிரம்மண்ட் 1920இல் 'vitamine' என்ற ஆங்கில எழுத்துக்கோவையின் கடைசியில் நின்ற 'e'யை நீக்கச் சொன்னார். ஓர் எழுத்தை வெட்டி ஒரு வேதியியல் பிழைக்குப் பரிகாரம் தேடியது எனக்குப் பிடித்த சமாளிப்பு. நம் 'உயிர்ச்சத்து' முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதால் இந்தச் சிக்கலில் மாட்டவில்லை.

தமிழர்களுக்கென்றே ஒரு பொறியும் இருக்கிறது. ஃபங்குக்கு முன்பே, 1910இல், ஜப்பானில் உமேதாரோ சுசுகி தவிட்டிலிருந்து இதே சத்தைப் பிரித்தார். பின்னர் அதற்கு ஒரைசானின் என்று பெயரிட்டார். ஒரைசா, நெல்லின் தாவரவியல் பெயர். கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. உடனே 'அது நம் அரிசி' என்று கை தட்டத் தோன்றும். கால்டுவெல்லும் அப்படித்தான் கருதினார். ஆனால், பழைய ஈரானிய மொழிகள் வழியாகவே அச்சொல் கிரேக்கத்துக்குப் போனது என்று கூறும் மொழியியலாளர்கள், நெல்லைக் குறிக்கும் சமஸ்கிருத 'விரீஹி'யோடு உறவுடைய வடிவங்களைக் காட்டுகிறார்கள். அரிசி தரப்பில் வாதிட விரும்புபவர் தாராளமாக வாதிடலாம்; ஒலி ஒத்திருக்கிறது என்பதை மட்டும் சான்றாக நீட்டக் கூடாது.