குறைந்த பணத்தில் செவிலியர் படிப்பை முடிப்பது எப்படி

செவிலியர் படிப்பில் சேருகிறவர்களில் பலர் கல்விக் கட்டணத்தை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள். கட்டணத்துக்கு வெளியே உள்ள சில்லறைச் செலவுகள் பணத்தைக் கரைக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, ஒரு பருவத்தைத் திரும்பப் படிக்க நேர்வதுதான். ஒரு பருவம் பின்தங்கினால் கட்டணமும் விடுதிச் செலவும் மறுபடி வரும். அத்தனை மாதங்களுக்கு உரிய சம்பளமும் தள்ளிப்போகும். ஆகவே ஒரு செலவைக் குறைக்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், அதனால் தேர்ச்சியோ வருகைப்பதிவோ உடல்நலமோ கெடுமா என்று பாருங்கள். கெடாது என்றால் தயங்காமல் குறையுங்கள். கெடும் என்றால் அதில் கைவைக்காதீர்கள்.

சேருவதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் முழுச் செலவுப் பட்டியலை எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். சீருடை, ஆய்வகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, வார்டுப் பயிற்சிக்காக வேறு மருத்துவமனைகளுக்குப் போய்வரும் பயணச் செலவு ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். பயணச் செலவைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பயிற்சி மருத்துவமனை தொலைவில் இருந்து, காலை டூட்டிக்கு விடியும் முன் கிளம்ப வேண்டியிருந்தால், அது மாதாமாதம் வரும் பெரிய தொகையாகிவிடும். கட்டணத்தைத் தவணைகளில் செலுத்த முடியுமா என்பதையும், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

தடுப்பூசிகளையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணைகளாக, முதல் ஊசிக்குப் பின் 1 மாதத்திலும் 6 மாதத்திலும் போடப்படுகிறது. கடைசி ஊசி போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து, எதிர்ப்பு சக்தி உருவாகியிருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்வார்கள். இவ்வளவு காலம் பிடிக்கும் என்பதால், படிப்பு தொடங்கிய பிறகு அவசரப்படுகிறவர்கள் சில சமயம் வார்டுக்கு அனுப்பப்படாமல் பயிற்சி நேரத்தை இழக்கிறார்கள். பொதுச் சுகாதார நிலையங்களில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்குமா என்று விசாரியுங்கள்; சிறுவயதில் போட்ட ஊசிகளுக்கான அட்டை வீட்டில் இருந்தால் அதைத் தேடி எடுத்து வையுங்கள்.

புத்தகங்களில்தான் நல்ல மிச்சம் பிடிக்கலாம். உடற்கூறியலும் உடலியங்கியலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. பத்து ஆண்டு பழைய பதிப்பில் படித்தாலும் இதயத்துக்கு நான்கு அறைகள்தான். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் இணையதளத்தில் உடற்கூறியலுக்கும் செவிலியப் பாடங்களுக்கும் ஆங்கில நூல்கள் முற்றிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மருந்தியலுக்கும் அவசர சிகிச்சைக்கும் பழைய நூலை நம்பக் கூடாது. இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் இதய நுரையீரல் மீட்பு சிகிச்சையில் (சிபிஆர்) முதலில் சுவாசப் பாதை, பிறகு சுவாசம், பிறகு மார்பு அழுத்தம் என்று இருந்த வரிசையை 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் மாற்றி, மார்பு அழுத்தத்தை முதலில் வைத்தன. அதற்கு முந்தைய நூலை மனப்பாடம் செய்தவர் தேர்விலும் தவறுவார், படுக்கையருகிலும் தவறுவார். இத்தகைய பாடங்களுக்கு நூலகத்தில் உள்ள புதிய பதிப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்குங்கள். முதல் இரண்டு வாரங்கள் எதையும் வாங்காமல் இருந்து, ஆசிரியர் உண்மையில் எந்த நூலிலிருந்து நடத்துகிறார் என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

உபகரணங்களில் எளிய, உறுதியான ஸ்டெதாஸ்கோப் ஒன்று போதும். இதய நிபுணர்கள் பயன்படுத்தும் விலையுயர்ந்த ரகம் மாணவருக்குத் தேவையில்லை. சீனியரிடமிருந்து பழையதை வாங்கினால், குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். காதில் வைக்கும் முனைகளை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். நொடி முள் உள்ள கடிகாரம் கட்டாயம் வேண்டும், ஏனெனில் சீரற்ற நாடியை முழுமையாக 60 நொடிகள் எண்ண வேண்டும், அதற்குக் கைப்பேசியை வார்டில் வெளியே எடுப்பதைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரமாக இருந்தால் கை கழுவும்போது தடையாக இருக்காது.

காலணியில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். நான் முதல் ஆண்டில் மலிவான ஒரு ஜோடியை வாங்கினேன். இரண்டாவது வாரத்தில் குதிகாலில் கொப்புளம் உடைந்து, காலுறையோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் காலோடு மூன்று நாள் வார்டுக்குப் போக முடியவில்லை, அந்த மூன்று நாட்களையும் விடுமுறையில் ஈடுகட்ட வேண்டியிருந்தது. முன்புறம் மூடிய, வழுக்காத அடிப்பாகம் கொண்ட, கழுவக்கூடிய காலணியை, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பலரைத் தேர்வில் தவறவைத்து அரியரில் தள்ளுவது, நோயாளிக்கு எவ்வளவு மருந்து கொடுப்பது என்ற மருந்துக் கணக்கு. அதற்குப் பணம் கொடுத்துத் தனி வகுப்பு போக வேண்டியதில்லை. சேரும் முன்பே ஒரு மாதம் தினமும் பத்துக் கணக்கு போட்டால் பயம் தெளிந்துவிடும். எழுதிக் கொடுத்திருக்கும் அளவை, கையிலுள்ள மருந்தின் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் திரவத்தின் அளவால் பெருக்க வேண்டும். ஆம்பியூலில், அதாவது ஊசி மருந்து அடைத்த சிறு குப்பியில், 2 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் இருக்கிறது, கொடுக்க வேண்டியது 60 மில்லிகிராம் என்றால், 60ஐ 80ஆல் வகுத்து 2ஆல் பெருக்க, 1.5 மில்லிலிட்டர் வரும். ட்ரிப்ஸ் கணக்கும் அதே போன்றதுதான்: 500 மில்லிலிட்டர் சலைனை 6 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், குழாய்த்தொகுதி ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விடுகிறது என்றால், மொத்தம் 10,000 சொட்டுகளை 360 நிமிடங்களால் வகுக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 சொட்டு. விடை வந்ததும், இந்த அளவு மருந்து ஒரு மனிதருக்குக் கொடுக்கக்கூடியதா என்று ஒரு கணம் நிதானித்துப் பார்க்கும் பழக்கத்தை அப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். தசமப்புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் நோயாளிக்குப் போவது பத்து மடங்கு.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கூச்சப்படுகிற மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியர்களுக்காகத் தொடங்கிய பயிற்சிப் பள்ளியே பொதுமக்களின் நன்கொடை நிதியில்தான் நடந்தது. நாம் பெறும் பயிற்சியின் தொடக்கமே பிறர் கொடுத்த பணத்தில் இருக்கும்போது, கேட்பதில் குறைவு ஒன்றுமில்லை. வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், அடையாளச் சான்று ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் ஆயத்தமாக வைத்திருந்தால், அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பிக்கலாம். ஏனெனில் தகுதி இருந்தும் இழப்பவர்களில் பலர் கடைசித் தேதியைத் தவறவிட்டவர்களே. கட்டணத்தைத் தானே ஏற்றுக்கொண்டு, படித்து முடித்ததும் சில ஆண்டுகள் தன்னிடம் பணியாற்றச் சொல்லும் மருத்துவமனை ஒப்பந்தம் கிடைத்தால், எத்தனை ஆண்டுகள், என்ன சம்பளம், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற மூன்றையும் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடாதீர்கள். கல்விக் கடன் வாங்க நேர்ந்தால், தேவையான தொகையை மட்டும் வாங்குங்கள்.

படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்கள், இயன்றால் நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் போன்ற வேலையைத் தேர்ந்தெடுக்கலாம். படுக்கை மாற்றுவதும் நோயாளியிடம் பேசுவதும் சம்பளத்தோடு சேர்ந்து வரும் பயிற்சி. ஆனால் மறுநாள் வார்டுப் பயிற்சி இருக்கும்போது முந்தைய இரவு வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏனெனில் தூக்கமில்லாதவர் கையில் ஊசி இருப்பது நோயாளிக்கும் அவருக்குமே ஆபத்து. நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு, பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டுத் தன்னைத்தானே கேள்வி கேட்பது அதிகப் பலன் தரும். அன்று வார்டில் பார்த்த ஒரு நோயாளியின் நோய், அவருக்குத் தரப்பட்ட மூன்று மருந்துகள், ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டிய பக்க விளைவு ஆகியவற்றை, பெயர் குறிப்பிடாமல், சட்டைப்பை அளவு நோட்டில் வீடு திரும்பும் பேருந்திலேயே எழுதிவிடுங்கள்.

கடைசி ஆண்டுக்கெனத் தனியாகச் சிறுதொகையை முதல் ஆண்டிலிருந்தே ஒதுக்கி வையுங்கள். இறுதித் தேர்வுக் கட்டணமும், செவிலியராகப் பதிவு செய்துகொள்ளும் கட்டணமும், சான்றிதழ் சரிபார்ப்புச் செலவும், நேர்காணலுக்குப் போகும் பயணமும் கையில் மிகக் குறைவாகப் பணம் இருக்கும் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து வருகின்றன. பதிவு முடியாமல் முதல் சம்பளமும் வராது.