மெயில் சர்வரும் வெப் சர்வரும் ஒரே போர்ட்டுக்கு அடிபட்டால்

திருகோணமலை உப்புவெளியில் மாமா ஒரு சின்னக் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறார். அங்குள்ள பழைய விண்டோஸ் கணினியில்தான் வேலையாட்களுக்கான மெயில் சர்வர் ஓடுகிறது. முன்பதிவுப் பக்கம் ஒன்றும் வேண்டும் என்றார். அதே கணினியில் ஸாம்ப் (XAMPP) என்ற இலவச மென்பொருள் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள அப்பாச்சி என்ற வெப் சர்வரை ஓடவிட்டேன். இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் இரவு கரண்ட் போய் வந்தது. காலையில் மாமா போன் எடுத்தார்: "பக்கம் திறக்குதில்லையடா." போர்ட் பிரச்சினை என்றேன். "ஹார்பரிலயோ?" என்றார். திருகோணமலையில் அப்படித்தான் கேட்பார்கள்.

இது வேறு போர்ட். கணினிக்குள் வரும் ஒவ்வொரு இணைப்பும் ஓர் எண்ணைத் தேடி வரும். சாதாரண இணையப் பக்கத்துக்கு 80, பாதுகாப்பான பக்கத்துக்கு 443, மெயில் சர்வர்கள் தங்களுக்குள் கடிதம் மாற்றிக்கொள்ள 25. ஓர் எண்ணில் ஒருவர்தான் உட்காரலாம். மெயிலுக்கு 80-இல் என்ன வேலை? பல மெயில் சர்வர்கள் பிரவுசரில் மெயில் பார்க்கும் வெப்மெயிலையும் கூட்டிக்கொண்டு வரும். மாமாவுடைய வெப்மெயில், விண்டோஸோடு வரும் வெப் சர்வரான ஐஐஎஸ் (IIS) மேல் ஓடியது. ஸாம்ப் நிறுவும்போது ஐஐஎஸ்ஸை நிறுத்திவைத்த நான் அதை மறந்தே போனேன். கரண்ட் வந்ததும் அது தானாக ஓடத் தொடங்கி 80-ஐப் பிடித்துக்கொண்டது.

படி 1: யார் பிடித்திருப்பது?

ஸாம்ப் கன்ட்ரோல் பேனலில் நெட்ஸ்டாட் பட்டனை அழுத்துங்கள். போர்ட், பிஐடி (ஓடும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் விண்டோஸ் கொடுக்கும் எண்), மென்பொருளின் பெயர் எல்லாம் பட்டியலாக வரும். 80, 443 உள்ள வரிகளைப் பாருங்கள். 'சிஸ்டம்', பிஐடி 4 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், வைரஸ் இல்லை. பெரும்பாலும் ஐஐஎஸ்தான். அதற்கு வரும் இணைப்புகளை விண்டோஸின் அடிப்படைப் பகுதியான கேர்னலே வாங்கிக் கொடுப்பதால் அந்தப் பெயர் விழுகிறது. டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்தப் போகாதீர்கள்.

படி 2: யார் எழும்புவது?

25-இல் கை வைக்க வேண்டாம். வெளி மெயில் சர்வர்கள் அந்த எண்ணுக்குத்தான் வரும். மாற்றினால் ஒரு கடிதமும் வந்து சேராது. விருந்தினர் பார்க்கும் பக்கமும் 80, 443-இலேயே இருக்கட்டும். உப்புவெளிக்கு வரும் வெள்ளைக்காரர் முகவரிக்குப் பின்னால் :8080 என்று தட்டுவாரா? வெப்மெயில் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான். ஆகவே அதுதான் எழும்ப வேண்டும்.

படி 3: மாற்றுதல்

ஐஐஎஸ் மேனேஜரில் வெப்மெயில் தளத்தைத் தெரிந்து, தளத்தின் போர்ட் எண் இருக்கும் பைண்டிங்ஸில் 80-ஐ 8081 ஆக்குங்கள். 443 இருந்தால் அதை 8443 ஆக்கலாம். அப்புறம் அப்பாச்சியை ஸ்டார்ட் செய்யுங்கள். வெப்மெயில் முகவரியோடு இனி :8081 சேர்க்க வேண்டும் என்று வேலையாட்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

பழகிப் பார்க்க மட்டும் ஸாம்ப் வைத்திருந்தால் அப்பாச்சியை நகர்த்துவதே லேசு. அதன் கான்ஃபிக் கோப்பில் 'லிஸன் 80' என்ற வரியை 'லிஸன் 8080' ஆக்கினால் சரி.

ஸாம்ப்புக்குள் மெர்குரி என்றொரு மெயில் சர்வரும் இருக்கிறது. அதன் ஸ்டார்ட் பட்டனைத் தொட வேண்டாம். 25, 110, 143 என்ற மெயில் போர்ட் மூன்றையும் கேட்டு உங்கள் மெயில் சர்வரோடு மல்லுக்கு நிற்கும்.

படி 4: ரீஸ்டார்ட்

நான் அன்று விட்டது இதைத்தான். பேனலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அப்பாச்சியை ஸ்டாப் செய்துவிட்டு, அதற்கு இடப்பக்கமுள்ள பெட்டியை அழுத்தி, கணினியோடு தானாகத் தொடங்கும் சர்வீஸாக்குங்கள். பிறகு கணினியை முழுதாக ரீஸ்டார்ட் செய்துவிட்டு நெட்ஸ்டாட்டைத் திறவுங்கள். 80-க்கு நேரே அப்பாச்சியும் (பட்டியலில் httpd.exe) 8081-க்கு நேரே சிஸ்டமும் நிற்க வேண்டும்.