அடர்ந்து முளைத்த தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை வேர் அறாமல் பிரிப்பது எப்படி?

ஆடிப்பட்டத்துக்கு ஒரு சிட்டிகை தக்காளி விதையைத் தொட்டியில் தூவியிருப்பீர்கள். பாதியாவது முளைக்கட்டும் என்று நினைத்துத்தான் தூவுவோம், ஆனால் அத்தனையும் முளைத்துவிடும். இப்போது நாற்பது ஐம்பது நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்காக மெலிந்து நெட்டையாக நிற்கும். பிரித்தால் செத்துவிடுமோ என்று பயந்து, நான்கைந்தைக் கொத்தாகவே ஒரு பையில் நட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் முதல் வருடம் அப்படித்தான் கத்தரி நட்டேன். நான்கு செடியும் ஒரே மண்ணுக்குப் போட்டி போட்டன, ஒன்றுகூட இடுப்பு உயரம் வரவில்லை. ஒரு குழிக்கு ஒரு நாற்றுதான். பிரிக்கத் தெரிந்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

எப்போது பிரிப்பது?

பொதுவாகத் தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 45 நாள் என்று கணக்கு. ஆனால் நாளை விட இலையைப் பாருங்கள். முதலில் வரும் இரண்டும் வித்திலைகள். அவற்றுக்கு மேல் அந்தந்தச் செடிக்கே உரிய இலைகள் நான்கைந்து வந்திருந்தால் நேரே தோட்டத்துக்குப் போகலாம்.

மிக நெருக்கமாக இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். வித்திலைகளுக்கு மேல் இரண்டு இலை வந்ததுமே பிரித்து, அடியில் ஓட்டை போட்ட டீ கப்பிலோ குழித்தட்டிலோ தனித்தனியாக வைத்து இரண்டு மூன்று வாரம் வளர்த்துக்கொள்ளலாம். நெருக்கமும் ஈரமும் சேர்ந்தால் நாற்றழுகல் வரும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து, பழுப்பாகி, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். ஒன்று சாய்ந்தால் பக்கத்தில் இருப்பவையும் வரிசையாகச் சாயும்.

பிரிக்கும் வேலை

வெயில் தாழ்ந்த பிறகு, மாலை நான்கரை ஐந்து மணிக்கு உட்காருங்கள். நடவேண்டிய குழியோ பையோ முதலிலேயே தயாராக, ஈரமாக இருக்க வேண்டும். பிரித்த பிறகு மண் கலக்க ஓடினால் வேர் காய்ந்துவிடும்.

வேலையைத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் நாற்றைப் பிடுங்கினால் தண்டு கையோடு வரும், வேர் மண்ணிலேயே தங்கிவிடும். அப்புறம் தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டி, மண்கட்டியோடு மொத்தமாக வெளியே எடுங்கள். பெரிய தொட்டியாக இருந்தால் பழைய கரண்டியை ஓரமாக ஆழ இறக்கி, அடியிலிருந்து ஒரு கைப்பிடி அளவு நெம்பி எடுத்தால் போதும்.

அந்தக் கட்டியை இரண்டாக, பிறகு நான்காகப் பிளந்துகொண்டே போங்கள். தென்னை நார்க்கழிவு கலந்த மண் என்றால் கையிலேயே உதிர்ந்து நாற்றுகள் தனியாக வந்துவிடும். செம்மண் அதிகம் இருந்தால் இறுகிப் பிடித்திருக்கும். அப்போது இழுக்கவே கூடாது. ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, கட்டியைப் பத்து நிமிடம் ஊற விட்டு, வேர்ப்பக்கத்தைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக அலசுங்கள். மண் கரையக் கரைய வேர்ச்சிக்கல் தானாகத் தளரும். கடைசியாக எங்காவது பின்னிக்கொண்டிருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் விலக்கிவிடலாம்.

நாற்றைத் தூக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இதை நூறு தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. இலை கிழிந்தால் இன்னொரு இலை வரும். மெல்லிய தண்டு விரலுக்கிடையில் நசுங்கினால் அந்த நாற்று அவ்வளவுதான். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், மறுநாள் மடங்கிக் கிடக்கும்.

பிரித்தவற்றை ஈரச் சாக்கிலோ வாழைப்பட்டையிலோ வைத்து மூடிக்கொண்டே வாருங்கள். தண்ணீரை உறிஞ்சுவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வேர்த்தூவிகள். காற்றுப்பட்டால் அவை சீக்கிரம் காய்ந்துவிடும். தண்டு வளைந்தது, வேர் முழுக்க அறுந்தது, இலை சுருண்டது எல்லாவற்றையும் இப்போதே கழித்துவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் கழியுங்கள். நல்ல நாற்றுகளின் வேரை, லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (வேர் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கரைத்த நீரில் அரைமணி நேரம் நனைத்து நடுவது என் வழக்கம்.

நடும்போது

விரலால் குழி போட்டு, வேர் மடங்காமல் நேராக இறக்கி, மண்ணை லேசாக அணையுங்கள். நெட்டையாகப் போன தக்காளியை வித்திலை வரை புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாய், கத்தரியை நாற்றங்காலில் நின்ற மட்டத்திலேயே நடுவது நல்லது. நிலத்தில் செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டு அடி. பையில் நட்டால் பைக்கு ஒன்று.

நட்டவுடன் ஒரு தண்ணீர். மறுநாள் நாற்று தலை தொங்கிக் கிடக்கும், பதற வேண்டாம். வேர் கொஞ்சம் அறுந்திருப்பதால் இலை இழக்கும் நீரை அதனால் ஈடுகட்ட முடியவில்லை. இரண்டு மூன்று நாள் ஓலைக்கீற்றோ வேப்பங்கொத்தோ வைத்து நிழல் கொடுங்கள். நிலத்தில் மூன்றாம் நாள், நாற்று உயிர்பிடிக்க இரண்டாம் தண்ணீராக உயிர்த்தண்ணீர் விடுவார்கள். மாடித் தொட்டி சீக்கிரம் காயும் என்பதால் தினமும் தொட்டுப் பார்த்து அளவாக ஊற்றுங்கள். புது இலை விடும் வரை உரம் எதுவும் வேண்டாம்.

வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, கேரட்டை இப்படிப் பிரித்து நட முயல வேண்டாம். முள்ளங்கி, கேரட்டில் ஆணிவேர்தான் காயே, அது மடங்கினால் கோணலாகும். அவற்றை விதைத்த இடத்திலேயே வளரவிட்டு, நெருக்கமானவற்றைக் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டிக் கலைத்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.

மீந்த நாற்றில் பத்தைத் தொட்டியிலேயே விட்டுவையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் எது பிழைத்தது, எது போயிற்று என்று தெரியும். பாடுவாசி, அதாவது நாற்று செத்துப்போன இடங்களை, நிரப்ப அவை வேண்டும்.